சிறுவாடு

போன பங்குனியில் எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. மகளிர் குழுப் பெண்கள் நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். ஒரு வங்கியின் அதிகாரி. சிக்கனத்தைப் பற்றிப் பேச வந்திருந்தார். கரும்பலகையில் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு ஒரு டீ 10 ரூபாய். வெற்றிலை பாக்கு 10 ரூபாய். ஆக 20. முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கினால் 7,300. இருபது வருஷத்துக்கு 1,46,000. "இதை நீங்க இருபது வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சிருந்தா இன்னிக்கு இங்க உக்காந்திருக்கிற எல்லாருமே லட்சாதிபதி. சிக்கனம்ங்கறது ஒரு பழக்கம். உங்க சமூகத்துல அந்தப் பழக்கம் இல்ல" என்றார்.

உங்க சமூகத்துல. அந்த வார்த்தையை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்தது. "சார், வெத்தல போட்டா பசி தெரியாது சார். நீங்க பாட்டுக்கு வெத்தலயக் கழிச்சிப்புட்டீங்க. அப்ப மத்தியானச் சோத்தக் கணக்குல கூட்டுங்க" என்றது. கூடமே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

நானும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுதியவன் நான். 'ஊதாரித்தனம் ஒழிப்போம், சேமித்து உயர்வோம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். "ஊதாரின்னா யாருடா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் எழுந்து போனேன். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

அதிகாரியை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. நம் தோழர்கள் எத்தனை பேர் இதே வார்த்தையை மேடையில் பேசியிருக்கிறோம்? "நம்ம சனங்க காசு கையில நின்னாத்தானே" என்று எத்தனை டீக்கடையில் அங்கலாய்த்திருக்கிறோம்? நாலு எழுத்துப் படித்து, மாதச் சம்பளத்தைப் பார்த்ததும் நம் வாயில் முதலில் வந்து உட்கார்ந்த ஆதிக்கப் பேச்சு இந்தச் சிக்கன உபதேசம்தான்.

தமிழில் எம்.ஏ. படித்தவன் நான். நம் மொழியில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் சிக்கனத்துக்குப் பஞ்சம் கிடையாது. 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்பார்கள். சிறுகக் கட்டுவதற்கும் காலடியில் சொந்தமாக மனை வேண்டும். குடியிருந்த மனையே மிராசுதாரனுக்குச் சொந்தமாக இருந்தபோது, அவன் முறைத்தால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டிய சனம் எதைச் சிறுகக் கட்டும்? 'கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பார்கள். எந்தக் குளத்தில் குளிக்க, எந்தத் துறையில் கசக்க? 'சிறுதுளி பெருவெள்ளம்' என்பார்கள். பெருவெள்ளம் வந்தால் முதலில் முழுகுகிற தெரு எது என்று இந்தப் பழமொழியைச் சொன்னவனுக்குத் தெரியுமா? நிலமும் நீரும் கைவசம் இருந்தவன் தன் பிள்ளைக்குச் சொன்ன புத்திமதிகள் இவை. அவற்றை நம் தலையில் கட்டிவிட்டு, அதன்படி நாம் நடக்கவில்லை என்று நம் மேலேயே குற்றப்பத்திரிகையும் வாசிக்கிறார்கள்.

சேமிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

எங்கள் தாத்தா திண்டிவனம் பக்கம் ஒரு ஆண்டை வீட்டுப் படியாள். கூலி நெல்லாக வந்தது. ஆயாவுக்கு அதுவும் கிடையாது. தொழுவம் கூட்டி, சாணி வாரி, களம் பெருக்கினால் பழைய சோறு. நெல்லை எத்தனை நாள் சேர்த்து வைக்க முடியும்? குத்தினால் அன்றைக்கே தீர்ந்தது. குத்தாமல் வைத்தால் எலிக்கும் புழுவுக்கும். அவசரம் என்று மாற்றப் போனால் அதே ஆண்டையிடம்தான் அவன் சொன்ன விலைக்குப் போட வேண்டும். கல்யாணம், சாவு என்று அவனிடமே கடன். அந்தக் கடனுக்கு மகனும் படியாள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ல்தான் வந்தது. அதுவரைக்கும் எங்கள் சனம் கண்ணில் காசையே காட்டாமல் வைத்திருந்தது ஒரு ஏற்பாடு. காசைக் காணாதவனிடம் போய்ச் சேமிக்கும் பழக்கம் இல்லை என்பது, ஆற்றுக்கே விடாதவனைப் பார்த்து உனக்கு நீச்சல் தெரியவில்லை என்பதைப் போலத்தான்.

தார் ரோடு போட ஜல்லி சுமக்கப் போனபோதுதான் ஆயா முதன்முதலாகத் தன் கூலியைக் காசாக வாங்கினாள். வாங்கிய அன்றே சேர்க்கவும் ஆரம்பித்தாள். யாரும் வந்து கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. முந்தானை முடிச்சிலும் சுருக்குப் பையிலுமாக மூன்று வருஷம் சேர்த்துச் சந்தையில் ஒரு பித்தளைக் குடம் வாங்கினாள். ஊர்த்தெருவைத் தாண்டும்வரை அதன்மேல் பழைய துணியைப் போட்டு மூடி, இடுப்பில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாளாம். "அன்னிக்கு ராத்திரி குடத்தப் பக்கத்துல வெச்சிக்கினுதான் படுத்தேன். தூக்கமே வரல. அப்பப்ப தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு கெடந்தேன்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு குடத்துக்கு இவ்வளவா என்று கேட்கலாம். குடம் அவ்வளவுதான் என்றால் அதை எதற்குத் தடை செய்தார்கள்?

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது. சட்டையோ பனியனோ போடக்கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது, பூவும் மஞ்சளும் ஆகாது. குடையும் செருப்பும் கூடாது. நம்மவர்கள் அடங்கவில்லை. குடிசைகளைக் கொளுத்தினார்கள்; தானியத்தை அழித்தார்கள்; ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். 1931 ஜூனில் தடைகள் 11 ஆயின. பிள்ளைகள் படிக்கக்கூடாது. சொந்த நிலத்தை மிராசுதாரர்களுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் தண்ணீர் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை மிராசுதாரனிடம் கூலி வேலை செய்ய வேண்டும். ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா.

இந்தப் பட்டியலைத் தீண்டாமைக் கொடுமை என்ற தலைப்பில் படித்து வருத்தப்பட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கணக்குப் பிள்ளையின் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். தங்கம், வெள்ளி, பித்தளை ஆகிய மூன்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. அடகு வைக்கலாம். மண்சட்டியை எந்தக் கடையிலும் அடகு பிடிக்க மாட்டான். வங்கி வாசல்படி ஏற முடியாத காலத்தில் ஏழைக்குப் பித்தளைக் குடம்தான் வங்கி, மூக்குத்திதான் பாஸ்புத்தகம். ஆகவே மண்பாண்டம்தான் புழங்க வேண்டும் என்ற கட்டளைக்கு ஒரே பொருள்தான்: நீ சேமிக்கக்கூடாது. ஏன் சேமிக்கக்கூடாது? பதில் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. காலை 7 மணிக்கு 4 அணாக் கூலிக்கு நீ வந்து நிற்க வேண்டும். வீட்டில் அடகு வைக்க ஒரு பொருள் இருக்கிறவன் ஒரு நாள் வராமல் இருந்துவிடுவான்.

எனக்கு இது புத்தகத்திலிருந்து புரியவில்லை. அம்மாவிடமிருந்துதான் புரிந்தது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. நடவுக்கூலி எட்டு ரூபாய். பெண்கள் பத்து ரூபாய் கேட்டார்கள். தர முடியாது என்றார்கள். எங்கள் தெருப் பெண்கள் வயலில் இறங்கவில்லை. மூன்றாம் நாளே சேரிக்குக் கடையில் சாமான் கடன் கிடையாது என்றாகிவிட்டது. ஆண்டை வீட்டு ஆள் வந்து, "எத்தினி நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு ராத்திரி ஆயா பித்தளைக் குடத்தைக் கவிழ்த்துத் துடைத்தாள். அம்மா கால் கொலுசைக் கழற்றினாள். பக்கத்து வீட்டு அக்கா அடுக்குப்பானையின் அடியிலிருந்து சிறுவாட்டுக் காசை எடுத்தாள். திண்டிவனத்தில் அடகு வைத்து அரிசியும் கேழ்வரகும் வாங்கி நாலு வீட்டுக்கு ஒரே அடுப்பாக எரித்தார்கள். ஒன்பது நாள். நாற்று முற்றிக்கொண்டே போனது. பத்தாம் நாள் அதே ஆள் வந்து பத்து ரூபாய்க்குச் சம்மதம் என்றான்.

அதற்குப் பிறகு அம்மா காசை ரூபாயில் எண்ணி நான் பார்த்ததில்லை. நாளில்தான் எண்ணுவாள். ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு பவுடர் டப்பாவைக் கவிழ்ப்பாள். நாணயத்தைத் தனியாக, நோட்டைத் தனியாக அடுக்குவாள். கரித்துண்டால் சுவரில் கோடு இழுப்பாள். "இது ஆறு நாளுக்குத் தாங்கும்" என்பாள். ஒரு மாதம் கழித்து "எட்டு நாளு" என்பாள். சொல்லிவிட்டு இருட்டில் தனியாகச் சிரிப்பாள். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். நிறையப் பேர் நினைப்பது போல அது கஞ்சத்தனத்தின் சிரிப்பு இல்லை. ஆண்டையின் முகத்தைப் பார்த்து 'வர முடியாது' என்று சொல்லக்கூடிய நாட்கள் எட்டு இருக்கின்றன என்ற சிரிப்பு. நம் சனம் சேமிப்பதில் காணும் சந்தோஷம் இதுதான். உலைவைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போடுகிறாளே, அந்தப் பிடியரிசி ஒவ்வொன்றும் ஒரு மறுப்பின் விதை. தஞ்சை மாவட்டத்தில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டுச் சங்கமாக நின்றதற்குத்தானே 1968 டிசம்பர் 25ல் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள்! அரைப்படி அதிகம் போனால் சேரியில் ஒரு பிடி மிஞ்சும். மிஞ்சினால் நாள் கூடும். இந்தக் கணக்கு அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

2011 ஜூனில் ரேஷனில் இலவச அரிசி வந்தபோது ஊர்த்தெருவில் என்ன பேசினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். "ஓசி அரிசி போட்டு ஆளுங்கள சோம்பேறியாக்கிட்டாங்க." 2006ல் நூறு நாள் வேலை தொடங்கியபோது என்ன பேசினார்கள்? "வேலைக்குக் கூப்பிட்டா ஒருத்தியும் வரமாட்டேங்கறா." அதாவது அரசாங்கத்தின் புண்ணியத்தில் நம் பவுடர் டப்பாவில் சில நாட்கள் கூடிவிட்டன. சேமிக்கவில்லை என்றால் ஊதாரி என்கிறார்கள். கொஞ்சம் மிஞ்சி, கூப்பிட்ட குரலுக்கு ஓடவில்லை என்றால் சோம்பேறி என்கிறார்கள். இரண்டு வசவும் ஒரே வாயிலிருந்துதான் வருகிறது.

எளிமை பற்றியும் சொல்லியாக வேண்டும். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கால் வேட்டிக்கு மாறினார். தேசமே கைகூப்பியது. ஒன்பது வருஷம் கழித்துப் பக்கத்து மாவட்டத்தில் நம் ஆட்களுக்குச் சட்டை கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி கூடாது என்று கட்டளை வந்தது. இரண்டும் ஒரே உடை. ஒன்று எளிமை என்று பாடப்புத்தகத்துக்குப் போனது. இன்னொன்றை மீறியதற்குக் குடிசைகள் எரிந்தன. கழற்றி வைக்கச் சட்டை இருந்தவனுக்குத்தான் எளிமை. சட்டை போடவே விடாதவனுக்கு அது விலங்கு. அண்ணல் அம்பேத்கர் கோட்டும் சூட்டும் போட்டதை ஆடம்பரம் என்று முணுமுணுத்தவர்கள் இதைக் கணக்கில் எடுத்ததே இல்லை. லண்டனில் அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடந்து படித்தவர் அவர். அவரைவிடச் சிக்கனக்காரர் யார்? எதில் சிக்கனம், எதில் தாராளம் என்பதில்தான் அவர் அரசியல் இருந்தது. வயிற்றில் பிடித்ததைப் புத்தகத்தில் கொட்டினார். நமக்கு எது மறுக்கப்பட்டதோ அதில் செலவு செய்தார்.

இப்போது ஒரு புது எளிமை வந்திருக்கிறது. மினிமலிசம் என்று பெயர். நாலு சட்டை போதும், தரையில் படுத்தால் முதுகுக்கு நல்லது, மண்பானைச் சமையல் உடம்புக்கு ஆரோக்கியம் என்கிறார்கள். எங்கள் ஆயாவைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேலி செய்ய வைத்த கேழ்வரகுக் கூழ் இன்றைக்கு ஓட்டலில் கண்ணாடிக் கிண்ணத்தில் வருகிறது. குடிக்கட்டும். ஆனால் மண்பானையிலிருந்து பித்தளைக்கு வர நாங்கள் பட்ட பாடு தெரியாமல், பித்தளையிலிருந்து மண்பானைக்குப் போவதை ஞானம் என்று எங்களுக்கு வந்து சொல்ல வேண்டாம்.

நம் காசு எங்கே போனது என்று கேட்கிறவர்களுக்குச் சரித்திரத்திலும் பதில் உண்டு. 1907ல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். விலையே பத்திரிகையின் பெயர். ஒரு பைசாவை வீட்டில் மிச்சம் பிடித்து அதை வாங்கிப் படித்தவர்கள் நம் பாட்டன்மார். கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் இறங்கித் தங்கம் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்கள் அந்த இயக்கத்துக்குத் தோள் கொடுத்தார்கள். அங்கே சாம்பியன் ரீப்ஸில் இருந்த சித்தார்த்த புத்தகசாலைதான் பின்னாளில் பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டது. எந்தச் சனம் தங்கம் போடக்கூடாது என்று ஊர் தடுத்ததோ அந்தச் சனம் தங்கத்தைத் தோண்டி, கிடைத்த கூலியில் மிச்சம் பிடித்து எழுத்தாக மாற்றியது. இதற்குப் பெயர் ஊதாரித்தனமா?

சேர்த்ததை யார் அழித்தார்கள் என்பதையும் பேசுவோம். தூத்துக்குடிப் பக்கம் கொடியன்குளம். வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்து அனுப்பிய காசில் நம்மவர்கள் காரைவீடு கட்டி, டிவி, மின்விசிறி வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊர். 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் உள்ளே புகுந்தது. வீட்டுச் சாமான்களை உடைத்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்தார்கள். பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும்கூட விட்டுவைக்கவில்லை. கலவரத்தை அடக்க வந்தவனுக்குச் சான்றிதழைக் கிழிக்க என்ன அவசியம்? 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று காலனிகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சேர்த்த குடும்பங்கள். பீரோவை உடைத்து நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்ட பிறகுதான் நெருப்பு வைத்தார்கள். 1930ல் குடிசையும் குதிரும். 1995லும் 2012லும் டிவியும் பீரோவும். சாமான் மாறியிருக்கிறது, நெருப்பு மாறவில்லை. இருபது வருஷச் சேமிப்பை ஒரு சாயங்காலத்தில் சாம்பலாக்கியவர்களைப் பார்த்து எந்த அதிகாரியும் கரும்பலகையில் பெருக்கல் கணக்குப் போட்டதில்லை.

நெருப்பு வைக்காமலும் அழிக்கலாம். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். எங்கள் தெருவில் அரிசிப் பானைக்குள்ளிருந்தும், சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும், உத்திரத்து இடுக்கிலிருந்தும் சிறுவாடு வெளியே வந்தது. கறுப்புப் பணம் என்றார்கள். அடுப்புக்கரி ஒட்டியிருந்ததால் கறுப்பாகத்தான் இருந்தது! அம்மா பதினோரு நோட்டு வைத்திருந்தாள். வங்கி வாசலில் மூன்று நாள் நின்றாள். மூன்று நாள் கூலி போனது. அதைவிடப் பெரிய இழப்பு, அவள் காசு வைத்திருப்பது அப்பாவுக்குத் தெரிந்துபோனது.

இங்கே நம் வீட்டுக்குள் வந்துவிட்டோம். இனிமேல் சொல்வது ஆண் தோழர்களுக்கு.

சிறுவாடு ஏன் ஒளிந்திருக்கிறது? ஆண்டைக்குப் பயந்து மட்டுமா? நமக்குப் பயந்து. சாராயக்கடையும் 2003க்குப் பிறகு அரசாங்கமே நடத்தும் டாஸ்மாக்கும் நம் தெருவிலிருந்து அள்ளிக்கொண்டு போன காசை எழுதினால் இந்த இதழ் பத்தாது. எங்கள் அப்பா பவுடர் டப்பாவைத் தேடி வீட்டைக் கலைத்துப் போட்ட ராத்திரிகள் எனக்கு நினைவிருக்கின்றன. அரசியல் பேசுகிற நான் மட்டும் யோக்கியனா? கூட்டத்துக்குப் பஸ் காசு, சிறுபத்திரிகைச் சந்தா, எம்.ஏ. பரீட்சைக் கட்டணம் எல்லாம் அந்த டப்பாவிலிருந்துதான் போயின. அது நிறைவது எப்படி என்று நான் கேட்டதில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியைச் சுரண்டிவிட்டு, "எனக்குப் பசிக்கலடா" என்று வெற்றிலையை எடுக்கிறாளே, அப்படித்தான் நிறைந்தது. பெரியம்மா அதிகாரியிடம் சொன்னது அத்தனைக்கும் ஆதாரம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. ஒரு குடும்பம் சிக்கனமாக இருக்கிறது என்றால் அந்த வீட்டில் ஒருத்தி அரை வயிறு சாப்பிடுகிறாள் என்று பொருள்.

அண்ணல் வெளிநாட்டில் படித்த காலத்தில் பம்பாயில் வறுமையோடு குடும்பத்தை இழுத்தவர் ரமாபாய். பெற்ற ஐந்து பிள்ளைகளில் நால்வரைச் சிறுவயதிலேயே மண்ணுக்குக் கொடுத்தார். 1935 மே 27ல் அவரும் போனார். அண்ணல் அதை மறக்கவில்லை. பாகிஸ்தான் பற்றித் தாம் எழுதிய புத்தகத்தை 'ராமு'வின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நாம் அவர் படத்தை மாட்டுகிறோம். அந்தக் காணிக்கைப் பக்கத்தைப் புரட்டுகிறோமா? பெண்ணின் பட்டினியில் கட்டப்படுகிற சேமிப்பை விடுதலை என்று புகழ்ந்து பாடுவதும் இன்னொரு ஏமாற்றுதான். சிரிப்பு அம்மாவுடையது என்றால் சோறும் அம்மாவுடையதாக இருக்க வேண்டும்.

மகளிர் குழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1989ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியபோது அவை சேமிப்புக் குழுக்கள். பெண்கள் வெளியே வந்தார்கள், கையெழுத்துப் போடக் கற்றார்கள், வங்கிப் படியேறினார்கள். அது பெரிய காரியம், மறுக்கவில்லை. பிறகு சேமிப்பின் பின்னாலேயே கடன் வந்தது. தனியார் நிறுவனங்கள் குழுக்கடன் என்று புகுந்தன. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரிகளே வாசலில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. 2010ல் ஆந்திராவில் இந்தக் கடன் நெருக்கடி தற்கொலைகள் வரை போனதைப் பார்த்தோம். நாலு வீட்டுக்கு ஒரே அடுப்பு எரித்த சனத்தை ஒருத்திமேல் ஒருத்தி காவல் இருக்க வைத்துவிட்டார்கள். நம் நாட்களை நாமே சேர்த்தது போய், நம் நாட்களை முன்கூட்டியே விற்கிறோம். தவணைக்கிழமையில் எவளால் 'வேலைக்கு வர முடியாது' என்று சொல்ல முடியும்?

ஆகவே தோழர்களே, சிக்கனத்தை எதிர்த்து நான் எழுதவில்லை. உபதேசத்தை எதிர்த்து எழுதுகிறேன். நம் சனத்துக்குச் சேமிக்கத் தெரியும். சேமிப்பதில் உள்ள சுகமும் தெரியும். தெரியாதது போல நாமே பேசுவதை நிறுத்துவோம். சேமிக்கும்படியான கூலிக்குப் போராடாமல் சேமிப்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்துவோம். மனைப்பட்டாவும் நிலமும் பெண்கள் பேரில் கேட்போம். 1892 முதல் நம் பேருக்கு ஒதுக்கப்பட்டு, நம் கையைவிட்டுப் பிடுங்கப்பட்ட பஞ்சமி நிலத்தைவிடப் பெரிய சேமிப்பு நமக்கு ஏது? அதை மீட்காமல் டீக்காசைப் பெருக்கிக்கொண்டிருக்க முடியாது. வீட்டில் சோற்றைப் பங்கிட்டு, குடியை நிறுத்தி, பெண் தனியாகச் சுமக்கிற சிக்கனத்தை ஆணும் சுமப்போம்.

எங்கள் தெருவில் ஒன்று தொடங்கியிருக்கிறோம். பழைய நோட்டீஸைக் கிழித்துப் போட்டாயிற்று. வாரத்துக்கு வீட்டுக்கு ஒரு படி அரிசி அல்லது அதற்கான காசு. ஆண்கள்தான் கொண்டுவந்து போட வேண்டும். வட்டி கிடையாது, கடன் கிடையாது. கூலித் தகராறு, மனை வழக்கு, யாராவது ஊரைப் பகைத்துக்கொண்டு நிற்க வேண்டிய நாள், இதற்கு மட்டும்தான் எடுப்போம். நோட்டில் ரூபாய்க் கணக்கோடு நாள் கணக்கும் எழுதுகிறோம். நாற்பது வீடும் வேலைக்குப் போகாமல் எத்தனை நாள் தாங்கும் என்று.

போன வாரம் கூட்டிப் பார்த்தோம். ஆறு நாள் வந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்:

"ஆறு நாளா? பத்தாதுடா. அன்னிக்கே ஒம்போது நாளு ஆச்சே."